காந்தத்தை எங்கே வைப்பது?

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு பிரிக்பீல்ட்ஸில் பசியாற உட்கார்ந்தேன். எதிரே என் சித்தி மகன். 26 வயது. கிள்ளானில் ஏர்கோன் பழுது பார்க்கும் வேலை, வார இறுதியில் மிருதங்கம். தோசை வருவதற்குள் இடது கையை மேசைமேல் விரித்து வைத்துவிட்டான்.

“அக்கா, எந்த விரல்ல போடலாம்? நீங்களே சொல்லுங்க.”

எனக்கு ஒரே குஷி. சித்தியிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் சொல்கிறான், மோதிரம் மாற்றும் நாள் வந்துவிட்டது என்றே நினைத்தேன். “மோதிர விரல்லதான்டா! வேற எங்க போடுவ?” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா வெட்டித் தச்ச பிறகு மிருதங்கம் வாசிக்க முடியுமான்னுதான் யோசனை.”

வெட்டித் தைப்பதா? குடித்த காப்பி தொண்டையிலேயே நின்றது.

அவன் பேசியது மோதிரத்தைப் பற்றி அல்ல, காந்தத்தைப் பற்றி. சுமார் 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்ன வில்லை. விரல் நுனியில் தோலைக் கீறி, உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். காயம் ஆறியபின், மின்சாரம் ஓடும் மோட்டார், மைக்ரோவேவ் அடுப்பு போன்றவற்றின் அருகே கையைக் கொண்டுபோனால் அந்த வில்லை உள்ளுக்குள் அதிரும். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுகிறது. காந்தமும் அதே தாளத்தில் ஆடும். மெல்லிய அதிர்வையும் பிடிக்கும் நரம்பு முனைகள் விரல் நுனியில் நெருக்கமாக இருப்பதால், அது நமக்குத் தெரியும். அதாவது ஐம்புலனோடு ஆறாவதாக ஒன்று. தம்பிக்கு அதுதான் ஆசை.

இது புதிய பைத்தியம் அல்ல. அமெரிக்காவில் ஸ்டீவ் ஹாவொர்த் என்ற உடல் அலங்காரக் கலைஞரும் அவருடைய நண்பர்களும் 2000-களின் தொடக்கத்திலேயே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். குவின் நார்ட்டன் என்ற பத்திரிகையாளர் தன் மோதிர விரலில் காந்தம் வைத்துக்கொண்டு, அந்த அனுபவத்தை 2006-இல் ‘வயர்ட்’ இதழின் தளத்தில் எழுதினார். முதலில் எல்லாம் அதிசயமாகத்தான் இருந்தது. பிறகு காந்தத்தின் மேல் இருந்த பூச்சு கிழிந்தது. விரல் கறுத்தது. காந்தம் உள்ளேயே நொறுங்கியது. எடுக்கப் போன மருத்துவரால் முழுதாக எடுக்கவும் முடியவில்லை.

காரணம் எளிது. அளவில் சிறிதாகவும் இழுப்பில் வலுவாகவும் இருக்கும் நியோடிமியம் காந்தத்தில் பெரும்பங்கு இரும்புதான். நம் உடம்புக்குள் இருப்பதோ உப்புநீர். பூச்சில் ஒரு சின்ன விரிசல் விழுந்தால் போதும், துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்குவது போல 121 டிகிரி நீராவியில் வைக்கலாமென்றால், சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினாலே வலு இழக்கும்.

சரி, ஏன் மோதிர விரல்? வலது கை சாப்பிட, எழுத, கைகுலுக்க வேண்டும். ஆகவே இடது கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடப் பிடிக்க முடியாது. நடுவிரல் எதைத் தூக்கினாலும் பாரம் தாங்கும். சுண்டுவிரலில் சதை குறைவு. மிஞ்சுவது மோதிர விரல். அதிலும் நுனியின் நடுவில் வைத்தால், எதைப் பிடித்தாலும் எலும்புக்கும் பொருளுக்கும் நடுவே காந்தம் நசுங்கும். அதனால் ஓரமாக வைப்பார்கள்.

கணக்கெல்லாம் சரிதான். ஆனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தை இடது கைதானே அடிக்கிறது? நான்கு விரலும் சேர்ந்துதானே விழுகிறது?

“அதான் யோசனைன்னு சொன்னேனே” என்றான்.

“உனக்கு எதுக்குடா இது?”

“கம்பியில கரண்ட் இருக்கான்னு கையாலயே கண்டுபிடிச்சிடலாம் அக்கா. நம்ம வேலைக்கு நல்லதுதானே?”

இங்கேதான் நான் தோசையை ஒதுக்கி வைத்தேன். அந்தக் காந்தம் உணர்வது மின்னோட்டத்தை, மின்னழுத்தத்தை அல்ல. சுவிட்ச் போட்டு மின்விசிறி ஓடினால் கம்பியில் ஓட்டம் உண்டு, கம்பியைச் சுற்றிக் காந்தப்புலமும் உண்டு. ஆனால் ஒரு கம்பியில் 230 வோல்ட் வந்து நின்று, எந்தச் சாமானும் ஓடாமல் இருந்தால்? ஓட்டம் இல்லை, அதிர்வும் இல்லை. விரல் “ஒன்றுமில்லை” என்று சொல்லும். தொட்டால் ஆளை அடித்துவிடும். இன்னொன்று, போகும் கம்பியும் வரும் கம்பியும் ஒரே உறைக்குள் ஒட்டி ஓடும்போது ஒன்றின் புலத்தை மற்றது பெரும்பாலும் அழித்துவிடும். ஓட்டம் இருந்தாலும் விரலுக்குச் சரியாகத் தெரியாது. சில ரிங்கிட்டுக்கு விற்கும் டெஸ்ட் பென் செய்கிற வேலையை, வெட்டித் தைத்த விரல் செய்யாது.

தம்பி கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

“நம்ம வீட்லயே ஒருத்தி காந்தத்தோடதானே இருக்கா? அவளோடதை எங்க வைக்கிறதுன்னு எப்படி முடிவு பண்ணாங்க, ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன்.

பெரியம்மா மகளின் மகள், எங்கள் குட்டி. இப்போது 6 வயது. பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. 2 வயதில் ஒரு காதுக்கு கோக்லியர் இம்பிளாண்ட் அறுவை நடந்தது. இந்தக் கருவியைப் பல வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். காதின் மேல் ஒரு ஒலிவாங்கிக் கருவி தொங்கும். அதிலிருந்து ஒரு கம்பி போய், தலையில் ஒரு சின்ன வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். எப்படி ஒட்டுகிறது? தோலுக்கு அடியில் ஒரு காந்தம், வட்டத்துக்குள் ஒரு காந்தம். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.

இதில் ஒரு சங்கதி, வானொலிக்காரியான எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருவது. காந்தம் எதையும் கேட்பதில்லை. வெளி வட்டத்தையும் உள்ளே இருக்கும் கருவியையும் நேருக்கு நேர் நிறுத்துவது மட்டும்தான் அதன் வேலை. ஒலி ரேடியோ அலையாகத் தோலைத் தாண்டி உள்ளே போகிறது. அங்கிருந்து மெல்லிய மின்முனைகள் வழியாகச் செவி நரம்புக்குப் போகிறது. குட்டியின் தலையில் இருப்பதும் ஒரு வானொலி நிலையம். ஒலிபரப்பு தூரம் சில மில்லிமீட்டர். நேயர் ஒரே ஒருத்தி.

பல மின்முனைகள் கொண்ட கருவியை ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க் 1978-இல் மெல்பர்னில் பொருத்தினார். அவருடைய அப்பா காது கேளாதவர். மலேசியாவில் யூ.கே.எம். பல்கலைக்கழக மருத்துவமனை இந்தத் திட்டத்தை 1995-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் டாக்டர் மோகன் காமேஸ்வரன் போன்றவர்கள் இதை வளர்த்தெடுத்தார்கள். அங்கே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு பிள்ளைகளுக்கு இலவசமாகவே பொருத்துகிறார்கள்.

அறுவைக்கு முன்பு மருத்துவர் எங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிய நாளில் நானும் இருந்தேன். “கேள்வி இருந்தால் கேளுங்கள்” என்றார். அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “டாக்டர், பொம்பளப் பிள்ளை. வெளியே தெரியாத இடமாப் பார்த்து வைக்க முடியுமா?”

யாரும் பேசவில்லை. அத்தானைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கேள்விக்குள் கல்யாணம், அக்கம்பக்கம், கோயில் திருவிழா, பள்ளிக்கூடம் எல்லாமே இருந்தன.

மருத்துவர் கோபப்படவில்லை. காதில் மாட்டும் கருவியின் மாதிரி ஒன்றை எடுத்துக் குட்டியின் காதில் வைத்தார். பிறகு வட்டத்தின் மாதிரியைக் காதுக்குப் பின்னால், சற்று மேலே வைத்துக் காட்டினார். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தால் காதுக் கருவியோடு இடிக்கும். நாளைக்குக் கண்ணாடி போட்டால் அதன் கொம்பும் இடிக்கும். ரொம்பக் கீழே போனால் கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் வட்டம் விழும். ரொம்பப் பின்னால் போனால் படுக்கும்போது, நாற்காலியில் சாயும்போது அழுத்தும். தோல் தடிப்பாக இருக்கும் இடத்தில் காந்தப் பிடிப்பு குறையும். பிடிப்பைக் கூட்ட வலுவான காந்தம் போட்டால் தோல் புண்ணாகும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது அந்தச் சின்ன இடம்தான்.

“தெரியாத இடம் எதுன்னு நான் பார்க்கிறதில்ல. அவளுக்கு நாள் பூரா விழாம இருக்கிற இடம் எதுன்னுதான் பார்க்கிறேன். விழுந்துட்டா, அந்த நிமிஷமே அவளுக்கு உலகம் சத்தமில்லாமப் போயிடும்” என்றார்.

அத்தான் தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

பெரியம்மாவுக்கு வேறு கவலை. பத்துமலையில் மொட்டை போடுவதாக நேர்ந்திருந்தார். காதும் குத்த வேண்டும். காயம் நன்றாக ஆறட்டும், பிறகு அந்த இடத்தில் கத்தி படும்போது மட்டும் பார்த்துச் செய்யுங்கள் என்றார்கள். இரண்டுமே நடந்தன.

அறுவை முடிந்த அன்றே பிள்ளை கேட்டுவிடவில்லை. சுமார் ஒரு மாதம் கழித்துத்தான் கருவியை முடுக்கினார்கள். குட்டி சிரிக்கவில்லை, பயந்து அழுதாள். கேட்பது என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைக்கு அந்தச் சத்தம் என்னவாக இருந்திருக்கும்! பிறகு வாரா வாரம் பேச்சுப் பயிற்சி. வீட்டில் அக்கா நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார். “அம்மா” என்று தெளிவாக வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

காந்தத்தோடு வாழ்வது தனிக் கலை. வட்டம் தலையிலிருந்து நழுவி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொள்ளும். கார் கதவில் ஒட்டிக்கொள்ளும். பெரியம்மா பூ வைக்க எடுத்த கொண்டை ஊசி நேராகப் போய் அந்த இடத்தில் ஒட்டும். தாமானில் பிளாஸ்டிக் சறுக்குமரம் ஏறுவதற்கு முன்னால், அதில் உரசும்போது வரும் நிலைமின்சாரத்துக்குப் பயந்து, அக்கா வெளிக் கருவியைக் கழற்றி வைப்பார். ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தால் காட்ட, பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். எம்.ஆர்.ஐ. இயந்திரமே ஒரு ராட்சதக் காந்தம். உடம்பில் இருக்கும் காந்தத்தை அது இழுக்கும், திருப்பும். புதிய கருவிகளில் சில அதற்கேற்பச் சுழலும் காந்தத்தோடு வருகின்றன. ஆனாலும் எந்தக் கருவி என்று தெரியாமல் யாரும் இயந்திரத்துக்குள் அனுப்ப மாட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தம்பியிடம் கேட்டேன்: “நீ தினமும் மோட்டார்ல கூட்டரசு நெடுஞ்சாலையில போற. ஒரு நாள் விழுந்து, மயக்கமா இருக்கும்போது ஸ்கேன் எடுக்கணும்னா, உன் விரல்ல காந்தம் இருக்குன்னு யாருடா சொல்லுவா?”

அவனிடம் பதில் இல்லை. அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. இன்று பச்சை குத்துகிறோம், மூக்குக் குத்துகிறோம், நேர்த்திக்கடனுக்கு அலகு குத்துகிறோம். உடம்பில் எதை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் அலகை அன்றைக்கே எடுத்துவிடுகிறோம். உள்ளே வைத்துத் தைப்பது வேறு. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இப்படிக் கையை நீட்டினால் திட்டாதீர்கள், நான்கு கேள்வி கேளுங்கள். இது என்ன வேலை செய்யப் போகிறது? அந்த இடம் நாள் முழுக்க என்ன வேலை செய்கிறது? வைக்கிறவர் யார், எடுக்க வேண்டி வந்தால் எடுப்பவர் யார்? பேச முடியாமல் கிடக்கும்போது யாருக்குத் தெரிந்திருக்கும்? இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு ‘எந்த விரல்’ என்று பேசலாம்.

“ஆசையா இருந்தா முதல்ல ஒரு சின்னக் காந்தத்தை விரல்ல பிளாஸ்டர் போட்டு ஒட்டி, ஒரு வாரம் வேலைக்குப் போய்ப் பாரு” என்று சொல்லி அனுப்பினேன்.

செய்தான். ஒரு வாரம் கழித்து வந்து சொன்னான்: மைக்ரோவேவ் அருகே லேசாக ஏதோ தெரிந்தது. ஆணியெல்லாம் விரலில் வந்து ஒட்டியது. தொப்பியில் ஓங்கி அடித்தபோது உயிர் போனது.

போன ஞாயிறு குடும்பமாகக் கிள்ளானில் கூடியிருந்தோம். தம்பியின் விரலில் பிளாஸ்டர் அப்படியே இருந்தது. குட்டி ஓடி வந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். தன் தலையிலிருந்து வட்டத்தைக் கழற்றி அவன் விரல் அருகே நீட்டினாள். ‘டக்’கென்று ஒட்டியது. அவளுக்கு ஒரே சந்தோஷம். வட்டத்தை மறுபடி தலையில் ஒட்டிக்கொண்டு, பதில் கேட்கத் தயாராகி நிமிர்ந்தாள்.

“மாமா, உங்களுக்கும் காது கேக்காதா?”

“கேக்கும்டா குட்டி. மாமா சும்மா வச்சிருக்கேன்.”

“சும்மாவா?” என்றாள். அவ்வளவுதான், விளையாடப் போய்விட்டாள்.

தம்பி இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறான். பிளாஸ்டரை மட்டும் அன்று மாலையே பிரித்துவிட்டான். மறுநாள் புதிதாக ஒரு டெஸ்ட் பென் வாங்கியிருப்பதாகச் சித்தி சொன்னார்.