என்ஜின் விடும் மூச்சை யார் இழுப்பது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரை என் நண்பர்களில் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்குகிறார்கள். பழைய ஹோண்டா சிட்டியோ, ஸ்விஃப்டோ, கொஞ்சம் வசதி இருந்தால் போலோ ஜி.டி.யோ. வாங்கிய மாதமே 'பெர்ஃபாமன்ஸ்' வேலை ஆரம்பம். சைலன்சர் மாறும், ஏர் ஃபில்டர் மாறும், அடுத்து டேப்பெட் கவர் மேல் சிவப்பாக ஒரு குட்டி ஃபில்டர் காளான் மாதிரி முளைக்கும். எதற்கு என்று கேட்டால், "என்ஜின் ஃப்ரீயா மூச்சு விடணும்ல மச்சி" என்று பதில் வரும். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் கடைசியில் இரவு ரேஸ் நடந்த பிறகு எங்கள் செஞ்சிப் பக்கத்துப் பையன்களிடமும் இந்த ஆசை கூடியிருக்கிறது. ஆசையில் தப்பில்லை, எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் காளான் ஒரு ஏமாற்று வேலை என்பது என் கட்சி. ரோட்டில் ஓடும் காருக்கு அதனால் ஒரு குதிரைத்திறன் கூடக் கூடாது. நஷ்டம் மட்டும் நிச்சயம்.

விஷயம் என்ன என்று பார்ப்போம். பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கொஞ்சம் வாயு அதைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் கசியும். எரியாத பெட்ரோல் ஆவி, எரிந்த புகை, நீராவி எல்லாம் அதில் கலந்திருக்கும். நம் ஊர் மெக்கானிக்குகள் இதற்கு 'பேக் கம்ப்ரஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வண்டி ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தே என்ஜினின் ஆயுளைச் சொல்லிவிடுவார்கள். இந்த வாயு வெளியேற வழி இல்லையென்றால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு ஆயில் கசிய ஆரம்பிக்கும். எனவே வழி வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அந்த வழி எங்கே போய் முடிய வேண்டும் என்பதில்தான் சண்டை.

'திறந்து விட்டால் நல்லது' என்ற நம்பிக்கை நம்மவர்களுக்கு எங்கிருந்து வந்தது? புல்லட்டிலிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். (ராயல் என்ஃபீல்டின் மூன்றாவது தொழிற்சாலை 2017-இல் வந்தது வல்லம் வடகாலில். அது ஒரகடம் பக்கம், எங்கள் வல்லம் இல்லை. வெளியூர்க்காரர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம் :-) ) பழைய புல்லட் 350-இன் என்ஜினில் ஒரே சிலிண்டர். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., மொத்தம் 346 சி.சி. பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் அதே 346 சி.சி. அளவு காற்றைக் கிராங்க் கேஸுக்குள் நெருக்கும். அது வெளியே போகவும் திரும்ப உள்ளே வராமல் இருக்கவும் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வால்வு வைத்தார்கள். அந்தக் குழாயைப் பெரிதாக்கி, வேறு பக்கம் திருப்பி, ஆயில் கசிவைக் குறைத்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் செய்ததில் நியாயம் இருந்தது.

நான்கு சிலிண்டர் காரில் கதையே வேறு. இரண்டு பிஸ்டன் இறங்கும்போது இரண்டு ஏறுகிறது. கிராங்க் கேஸின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. வெளியே போக வேண்டியது ரிங்கைத் தாண்டிக் கசிந்த வாயு மட்டும்தான். புல்லட்டுக்குப் பார்த்த வைத்தியத்தை ஸ்விஃப்டுக்குப் பார்ப்பது, மாட்டுக்குப் போட்ட ஊசியை மனுஷனுக்குப் போடுவது மாதிரி.

சரி, அந்தக் காளான் வருவதற்கு முன் கம்பெனி அங்கே என்ன வைத்திருந்தது? இரண்டு ஹோஸ், ஒரு பி.சி.வி. வால்வு. என்ஜின் ஐட்லிங்கிலோ சாதாரண ஓட்டத்திலோ இருக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிட இழுப்பு இருக்கும். அந்த இழுப்பு, வால்வு வழியாக அழுக்கு வாயுவை உறிஞ்சி மறுபடி எரிக்க அனுப்பும். காலியான இடத்துக்கு, ஏர் ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான காற்று இன்னொரு ஹோஸ் வழியாக உள்ளே வரும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது மேனிஃபோல்டில் இழுப்பு இருக்காது. அப்போது வாயு அந்த இரண்டாவது ஹோஸ் வழியாகவே எதிர்ப்பக்கம் போய் த்ராட்டிலுக்கு முன்னால் சேர்ந்துகொள்ளும். டர்போ என்ஜினில் பூஸ்ட் ஏறும்போது வால்வு மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் பூஸ்ட் கிராங்க் கேஸுக்குள் புகுந்து டிப்ஸ்டிக்கையே மேலே தள்ளிவிடும்.

இதில் முக்கியமானது அந்தச் சுத்தக் காற்று. நீராவியையும் பெட்ரோல் ஆவியையும் ஆயிலில் கலக்க விடாமல் துடைத்துக்கொண்டு போவது அதுதான். இரண்டு ஹோஸையும் கழற்றி எறிந்துவிட்டுக் காளானை வைத்தால், அழுத்தம் தாங்காமல் வருகிற வாயு மட்டும் வெளியேறும், மற்றது உள்ளேயே தங்கும். வல்லத்திலிருந்து செஞ்சிக்குப் போய்த் திரும்புகிற மாதிரிக் குட்டிப் பயணங்களில் ஆயில் முழுச் சூடு ஏறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுவோம். ஐப்பசி மழை ஈரத்தில் ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி ஒன்று படியும். அடுத்து வருவது கசடு.

வேறு சிலர் ஒரு ஹோஸை மட்டும் கழற்றுவார்கள். அது இன்னும் மோசம். பி.சி.வி. வால்வு அந்தக் குட்டி ஃபில்டர் வழியாகவே வெளிக்காற்றை இழுக்கும். காற்றின் எடையை அளக்கும் சென்சார் உள்ள கார்களில் இது கணக்கில் வராத காற்று. ஐட்லிங் தடுமாறும். கழற்றிய இடத்தில் ஓட்டையை அடைக்காமல் விட்டால், எங்கள் பக்கத்துக் கல் குவாரி லாரிகள் கிளப்பும் தூசு நேராகச் சிலிண்டருக்குப் போகும். ரிங் தேயும், பேக் கம்ப்ரஷன் கூடும். எந்த நோய்க்கு மருந்து என்று வாங்கினார்களோ அந்த நோயையே வரவழைத்துக்கொள்வது!

இனி எதிர்க்கட்சி வாதங்கள்.

"ஆயில் புகை இன்டேக்கில் போனால் பவர் குறையும்." உண்மைதான், மறுக்கவில்லை. ஆயில் ஆவி கலந்தால் பெட்ரோலின் ஆக்டேன் குறைந்து நாக்கிங் வரலாம். இன்டர்கூலரின் உள்ளே எண்ணெய் படியும். போலோ டி.எஸ்.ஐ. மாதிரி சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் என்ஜின்களில் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவாது என்பதால் கரி படியும். ஆனால் இதற்கெல்லாம் ஆயிலைப் பிரித்து எடுப்பதுதான் மருந்து. வாயுவை ரோட்டில் விட வேண்டிய அவசியம் எங்கே வந்தது?

"ரேஸ் காரில் திறந்துதானே இருக்கிறது?" அரைகுறையாகப் பார்த்துவிட்டுச் சொல்வது. சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகளில், திறந்த பிரீதர் உள்ள கார்களுக்குப் பிடிகலன் கட்டாயம். 2000 சி.சி. வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர். உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியவும் வேண்டும். காரணம் எளிது: இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒருவன் சிந்தும் ஆயிலில் பின்னால் வருகிற இன்னொருவன் வழுக்குவான். பின்னால் வருபவனைப் பற்றி ரேஸ்காரனுக்கே இவ்வளவு அக்கறை இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டுகிற நமக்கு வேண்டாமா?

"டிராக்டரும் பழைய லாரியும் விடாத புகையா?" விடுகின்றன. பழைய டீசல் என்ஜின்கள் பலவற்றில் பிரீதர் திறந்துதான் இருக்கும். அவை அப்படியே பிறந்தவை. நீங்கள் மூடிப் பிறந்த ஒன்றை, காசு கொடுத்து, திறக்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

"பி.யு.சி. டெஸ்டில் பாஸ் ஆகிறதே?" ஆகும். அந்தக் கருவியின் குழாயைச் சொருகுவது சைலன்சர் முனையில். டேப்பெட் கவரை அது முகர்ந்தே பார்ப்பதில்லை. ஆனால் ஒரு மாடலுக்கு அனுமதி தரும் முன் நடக்கும் பாரத் ஸ்டேஜ் சோதனையில் பெட்ரோல் கார்களுக்குக் கிராங்க் கேஸ் சோதனை என்று தனியாகவே உண்டு. வெளிக்காற்றில் ஒன்றும் கலக்கக் கூடாது என்பது அதன் விதி. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. எத்தனை பேரைப் பிடித்தார்கள் என்று கேட்காதீர்கள். சட்டத்துக்குப் பயந்து செய்யச் சொல்லவில்லை.

உலகத்தில் காருக்கு வந்த முதல் மாசுக் கட்டுப்பாடே இதுதான் என்பது பலருக்குத் தெரியாது. அதற்கு முன் கிராங்க் கேஸிலிருந்து ஒரு குழாய் நேராக ரோட்டைப் பார்த்துத் தொங்கும். காரிலிருந்து வெளியேறும் ஹைட்ரோகார்பனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகவே போனது. லாஸ் ஏஞ்சல்ஸின் புகைமூட்டத்தில் தவித்த கலிஃபோர்னியா, 1961 மாடல் கார்களிலிருந்து அந்தக் குழாயை மூடி வாயுவை என்ஜினுக்கே திருப்பி அனுப்ப வைத்தது. விலை குறைந்த ஒரு வால்வு, பெரிய பலன். அறுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகு, நாம் 'மாடிஃபிகேஷன்' என்ற பெயரில் 1960-க்குத் திரும்பிப் போகிறோம்.

சரி, என்னதான் செய்வது? என் கணக்கு இது.

ஸ்டாக் என்ஜின், அல்லது சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மட்டும் மாற்றியது என்றால் கம்பெனி அமைப்பைத் தொடாதீர்கள். பி.சி.வி. வால்வு அடைத்திருக்கிறதா, ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக மாற்ற ஆகும் செலவு சொற்பம்.

டர்போ காரில் ரீமேப் செய்து பூஸ்ட் ஏற்றியிருந்தால், அமைப்பை மூடியே வைத்து நடுவில் ஒரு கேட்ச் கேன் போடுங்கள். கேனுக்குள் தடுப்புத் தகடோ கம்பி வலையோ இருக்க வேண்டும். கடையில் தொங்கும் பல கேன்கள் உள்ளே வெறும் டப்பா. ஆயில் ஒரு வழியாக வந்து மறு வழியாகப் போய்விடும். ஹோஸின் உள்அளவு பழையதை விடக் குறையக் கூடாது. ஆயில் தாங்கும் ஹோஸாக இருக்க வேண்டும், நடுவில் தொய்வு கூடாது. மேனிஃபோல்டு பக்கம் போகும் வழியில் நல்ல ஒருவழி வால்வு அவசியம். கேனை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். சேர்ந்ததைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

டிராக்கில் மட்டும் ஓடும் கார் என்றால் விதிப்படி பெரிய கலன், திறந்த வழி. அதற்கும் மேலே போனால் டிரை சம்ப், வேக்குவம் பம்ப். அது வேறு உலகம், வேறு பட்ஜெட். எக்ஸாஸ்டில் குழாயைச் சொருகி இழுக்கும் யோசனை சைலன்சரே இல்லாத டிராக் ரேஸ் காருக்குச் சரி. சைலன்சரும் டர்போவும் உள்ள காரில் இழுப்புக்குப் பதில் எதிர் அழுத்தம்தான் கிடைக்கும்.

எதைச் செய்யும் முன்பும் கம்ப்ரஷன் டெஸ்ட், முடிந்தால் லீக் டவுன் டெஸ்ட். கேன் ஒரே வாரத்தில் நிறைகிறது என்றால் கோளாறு ரிங்கில். அங்கே கேன் விற்பவர் நல்லவர் இல்லை. "என்ஜினை இறக்கணும் தம்பி" என்று சொல்பவர்தான் நல்லவர்.

கடைசியாக ஒன்று. காருக்குள் நாம் சுவாசிக்கும் காற்று நுழைவது பெரும்பாலும் பானெட்டின் பின்விளிம்பில், முன் கண்ணாடிக்குக் கீழே. காளான் விடுகிற பெட்ரோல் ஆவியும் ஆயில் புகையும் அதே பானெட்டுக்கு அடியில்தான் சுற்றுகின்றன. பின் சீட்டில் தூங்கும் தங்கச்சிக்கு அது முதலில் போகும். மிச்சம், செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து வாசலில் நெல் மூட்டையோடு காத்து நிற்பவருக்குப் போகும். காய்ந்த எக்ஸாஸ்டின் மேல் ஆயில் சொட்டினால் பற்றிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. என்ஜின் மூச்சு விடட்டும் என்று நினைக்கும் நண்பர்களே, அது ஏற்கெனவே நன்றாகத்தான் விட்டுக்கொண்டிருந்தது. விட்டதைத் தானே விழுங்கவும் செய்தது. அந்த ஹோஸை மறுபடி மாட்டுங்கள்.