காசு கொடுத்தவருக்குத்தானே கார்டு?

ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கி ஓட்டலாம். அதுதான் மெய்நிகர் கணினி. லினக்ஸுக்குள்ளேயே பலர் விண்டோஸை ஓட்டுவது இப்படித்தான். ஆனால் உள்ளே இருக்கும் விண்டோஸுக்குப் பொதுவாகக் கிடைப்பது பாவனை கிராபிக்ஸ் கார்டுதான். கணக்கு எழுத அது போதும். பெரிய கேம்களுக்குப் போதாது.

இதற்கு வழி 'பாஸ்த்ரூ'. நிஜ கார்டையே உள்ளே இருக்கும் கணினியிடம் ஒப்படைத்துவிடுவது. இதில் ஒரு ஆபத்து உண்டு. கார்டு, ப்ராசசரைக் கேட்காமலே மெமரியில் எழுதக்கூடியது. அது அடுத்தவர் மெமரியில் கை வைக்காமல் காவல் காப்பது ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருள் வசதி. இன்டெல்லில் இதன் பெயர் விடி-டி. 2012-ல் லினக்ஸ் 3.6-ல் விஎஃப்ஐஓ சேர்ந்தபின் பாஸ்த்ரூவுக்குப் பாதுகாப்பான பாதை கிடைத்தது.

தொழில்நுட்பம் தயார். கார்டும் தயார். ஆனால் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் கார்டை இப்படிக் கொடுத்தவர்களுக்குப் பல வருடங்கள் கிடைத்தது 'கோட் 43' என்ற பிழைச் செய்திதான். சாதனத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். உண்மையில் கோளாறே இல்லை! இது மெய்நிகர் கணினி என்ற அடையாளத்தை மறைத்துவிட்டால் அதே கார்டு ஒழுங்காக ஓடியது. விலை கூடிய க்வாட்ரோ கார்டுகளுக்கோ இந்தத் தொல்லை இல்லை.

ஆளுக்கேற்ற விலை வைப்பது வியாபாரத்தில் சகஜம்தானே என்று கேட்கலாம். சகஜம்தான். ரயிலில் ஸ்லீப்பருக்கு ஒரு கட்டணம், ஏசிக்கு ஒரு கட்டணம். ஆனால் அந்த வித்தியாசம் டிக்கெட் எடுக்கும்போதே தெரியும். ஏறி உட்கார்ந்தபின் "பெட்டி பழுது, இறங்குங்கள்" என்று யாரும் பொய் சொல்வதில்லை. "இதற்கு எங்கள் ஆதரவு கிடையாது" என்று ஒரு நிறுவனம் சொல்லலாம், அது அதன் உரிமை. நன்றாக இருக்கும் பொருளைப் பழுது என்று காட்டுவது எந்தக் கணக்கில் சேரும்?

2021 மார்ச்சில் வந்த 465 வரிசை டிரைவரில் என்விடியாவே இந்தத் தடையை நீக்கியது. நல்ல விஷயம். ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏற்கெனவே விற்ற கார்டுகளில் ஒரு ஸ்க்ரூ கூட மாறவில்லை. மாறியது டிரைவர் மட்டும்தான். தடையைப் போட்டதும் டிரைவர், எடுத்ததும் டிரைவர். இன்று ஒரு அப்டேட்டில் வந்த வசதி, நாளை இன்னொரு அப்டேட்டில் போகவும் முடியும்.

கார்டு வாங்கியவர் வீட்டில் இருக்கிறது. அதன் சாவி மட்டும் இன்னும் விற்றவர் கையில்.