எண்ணூர் செத்துப்போன இடமா?

யானைக்கவுனிப் பக்கம் ஒரு மண்டபத்தில் சுற்றுச்சூழல் நாள் கூட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளையும் பள்ளத்தாக்குகளையும் திரையில் காட்டிய பேச்சாளர் கடைசியில் சொன்னார்: "எண்ணூரெல்லாம் செத்துப்போன இடம். அங்கே காப்பாற்ற ஒன்றுமில்லை. மலையில் மிச்சமிருக்கிற காட்டையாவது காப்பாற்றுவோம்." அரங்கம் கைதட்டியது. இதே பேச்சைப் பல வருடங்களாகப் பல வாய்களிலிருந்து கேட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

ஒன்றுமில்லை என்பவர்கள் எண்ணூரில் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்துக்கு நீர் வற்றும் நேரத்தில் ஒருமுறை வரட்டும். சேற்றிலிருந்து விரல் உயரத்துக்குக் குத்திட்டு நிற்பவை அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள். காற்றில்லாத சேற்றில் நிற்கும் மரம் அவற்றின் வழியாகத்தான் சுவாசிக்கிறது. இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்; உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சு இந்த முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, வேர்களுக்கிடையே வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. மடவையும் நண்டும் இங்கே உண்டு. இருளர் பெண்கள் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, தண்ணீரில் அமர்ந்து, வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாயிலும் ஆற்றிலும் பரவியபோது, இறகெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. செத்த இடத்துக்குக் கூழைக்கடா எதைத் தின்ன வந்தது?

அடுத்த வாதம்: "ஏற்கெனவே ஆலைகள் இருக்கிற இடத்திலேயே புதியவற்றையும் வைத்தால் மற்ற இடங்கள் தப்பும்." இதைச் சொல்பவர்களிடம் நான் கொடைக்கானலைப் பற்றிக் கேட்கிறேன். அவர்கள் போற்றும் அதே மலை. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த பாதரச வெப்பமானி ஆலை 1980களில் அங்கே கொண்டுவரப்பட்டது. 2001 மார்ச்சில், ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் உடைந்த வெப்பமானிகள் டன் கணக்கில் கிடந்ததைப் பொதுமக்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆலை அதே ஆண்டு மூடப்பட்டது. அதன் மதிலை ஒட்டிச் சரிவில் இறங்குவது பாம்பார் சோலை. பாதரசம் அந்தச் சோலையின் மண்ணிலும் ஏறியிருந்தது. அப்போது யாராவது, "பாம்பார் சோலை கெட்டுவிட்டது, இனி அங்கே இன்னும் நாலு ஆலை வைக்கலாம்" என்று மேடையில் பேசினார்களா? இல்லை. சுத்தம் செய் என்றார்கள். 2003இல் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆயிற்று. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தப்படுத்துவது என்ற சண்டை அதற்குப் பிறகும் நடந்தது. மலைக்காடு கெட்டால் அதை மீட்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிகிறது. அது சரிதான், அப்படித்தான் இருக்கவேண்டும். எண்ணூருக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்கள் வருடக்கணக்கில் ஒழுகின. சாம்பல் மூச்சுவேர்களை மூடியது, ஆற்றின் ஆழத்தைத் தின்றது. அதை அள்ளு என்று சொல்ல வேண்டிய வாய்கள்தான் "செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு மலையேறுகின்றன. மலைக்கு ஓய்வெடுக்கப் போகிறவர்கள் வசதியானவர்கள். எண்ணூரின் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் வாழ்கிறவர்கள் மீனவர்கள். நியாயம் மாறுவதற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

செத்த இடம் என்றால் அதை ஏன் இத்தனை பேர் கேட்கிறார்கள்? 330 ஏக்கர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,111 ஏக்கராக்கும் திட்டம் எந்த நிலத்தையும் நீரையும் குறிவைக்கிறது என்று பாருங்கள். 1996ஆம் ஆண்டுக் கடலோர மண்டல வரைபடம் எண்ணூர்க் கழிமுகத்தில் 6,469 ஏக்கரைக் கட்டுமானம் கூடாத பகுதியாகக் காட்டியது. பிறகு வந்த வரைபடத்தில் அந்தக் கழிமுகமே காணாமல்போனது. ஒரு இடத்தை இப்படித்தான் காகிதத்தில் கொல்கிறார்கள்.

வேலைவாய்ப்பு என்பார்கள். ஆற்றில் வேலை செய்துகொண்டிருந்தவர்களின் வேலை கணக்கில் இல்லையா?

வேறு இடத்தில் மரம் நட்டு ஈடுகட்டலாம் என்பதற்குப் பதில் சொல்லவே தேவையில்லை. இறால் அங்கே போய் வளராது.

கடைசியாக, "காக்கா ஆழி வந்து எல்லாம் முடிந்துவிட்டது" என்று புதிதாக ஒரு சாக்கு. தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்தக் கருஞ்சிப்பி ஆற்றின் அடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, மஞ்சள் மட்டியையும் இறால் மேயும் சேற்றையும் மூடிவிட்டது உண்மைதான். வேறு கடல்களின் உயிர்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவது கப்பல்களின் நிலைநிறுத்து நீர். அதைத் தடுப்பதும் அள்ளுவதும் துறைமுகங்களின், அரசின் பொறுப்பு. பாதிக்கப்பட்ட ஆற்றைக் கைவிட அதுவே காரணமாகிவிடாது.

சாம்பல் குழாய்களை மாற்றுங்கள். ஆற்றில் படிந்த சாம்பலையும் காக்கா ஆழியையும் அள்ளுங்கள். 1996 வரைபடத்தின் எல்லையை மறுபடி சட்டமாக்குங்கள். மேடையில் மலைக்காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மூன்றையும் அதே குரலில் கேட்கவேண்டும்.