வைவதா, கண்டிப்பதா?

எங்கள் இராஜபாளையம் பக்கம் பிள்ளையை 'வைதேன்' என்போம். சென்னையில் 'திட்டினேன்', யாழ்ப்பாணத்தில் 'ஏசினேன்'. மூன்றும் ஒன்றுதான். 'கண்டித்தேன்' மட்டும் வேறு ரகம்.

'கண்டித்தல்' என்றால் வெட்டுதல் என்றும் பொருள் உண்டு. 'கண்டிப்பாக வருகிறேன்' என்றால் உறுதி. பிள்ளை வளர்ப்பிலே இரண்டும் வேணும், சகோதரிகளே! வெட்ட வேண்டியது தப்பை, பிள்ளையை அல்ல.

'சோம்பேறி, நீ எங்கே உருப்படப்போறே' என்பது வைவது. பிஞ்சு மனசு அதை நிஜமென்றே நம்பிவிடும். 'பையை நடுக்கூடத்திலே போடாதே, எடுத்து ஆணியிலே மாட்டு' என்பது கண்டிப்பது.

உறுதி எப்படி? இன்று கூடாது என்றது நாளைக்கும் கூடாது. பாட்டி சிபாரிசுக்கு வந்தாலும் கூடாது. விருந்தாளி எதிரில் மட்டும் எதுவும் சொல்லாதீர்கள். அவர்கள் போனதும் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.