“பிறகு பார்க்கலாம்!”



சேதராப்பட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கின்றார். அவருடைய கணவர் அங்குள்ள தொழிற்பேட்டையில் சிறு பட்டறை ஒன்று நடத்துகின்றார். பட்டறையின் வரவு செலவு, பிள்ளைகளின் சான்றிதழ்கள், மூத்த மகளின் திருமணப் படங்கள் யாவும் வீட்டிலுள்ள ஒரே கணிப்பொறியில் இருக்கின்றன. சில நாட்களாக ‘அப்டேட் செய்க’ என்னும் அறிவிப்பு திரையில் தோன்றுகின்றதாம். மகனோ ஒவ்வொரு முறையும் ‘பிறகு’ என்பதை அழுத்திவிடுகின்றான். “நன்றாக ஓடும் இயந்திரத்தில் எதற்காகக் கை வைக்க வேண்டும்? இதுவும் ஒரு வியாபாரத் தந்திரம்தானா?” என்று கேட்கின்றார் சகோதரி.

கேள்வி நியாயமானதே. விடையாக, 2017-ஆம் ஆண்டு நடந்ததைக் கூறுகின்றேன்.

கணிப்பொறியை இயக்கும் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பை இயங்குதளம் என்பர். விண்டோஸ் அத்தகையது. கோடிக்கணக்கான வரிகள் கொண்ட அந்தத் தொகுப்பில் மனிதர் செய்த பிழைகள் எங்கேனும் இருந்தே தீரும். ஓர் அலுவலகத்தின் கணிப்பொறிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் பகுதியில் அப்படியொரு பிழை இருந்தது. அதை அறிந்தவன், யாரும் எதையும் அழுத்தாமலேயே, வெளியிலிருந்து உள்ளே நுழைந்துவிடலாம். அமெரிக்க உளவு நிறுவனம் ஒன்று இதனைக் கண்டுபிடித்து, தன் தேவைக்காக இரகசியமாக வைத்திருந்தது.

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை இலவசமாக வெளியிட்டது. ஒரு மாதம் சென்று, ஏப்ரல் 14 அன்று, உளவு நிறுவனத்தின் கள்ளச்சாவி களவாடப்பட்டு உலகறிய வெளியாயிற்று. மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் அச்சாவியைக் கொண்டு புறப்பட்டது. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் முடங்கின. கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது அந்தத் தீநிரல்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளரின் குறிப்புகளைத் திறக்க இயலவில்லை. ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் தடைப்பட்டிருக்கும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. நம் அண்டையிலும் ஆந்திரக் காவல் துறையின் சில கணிப்பொறிகளும், கேரளத்தின் வயநாட்டில் ஒரு பஞ்சாயத்து அலுவலகமும் இதில் சிக்கின.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முடங்கியவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கொண்டவை. அவற்றுக்குரிய மருந்து இரண்டு மாதங்களுக்கு முன்பே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திருத்தத்தை இடுமாறு ஆங்கில மருத்துவமனைகளுக்கு மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டிருந்தன. பலர் ‘பிறகு’ என்றனர். அவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். பழைய மருத்துவக் கருவிகள் திருத்தத்தால் நின்றுவிடுமோ என்று அஞ்சியவர்களும் இருந்தனர். அச்சம் நியாயமானதே. எனினும், அதற்குரிய வழி முதலில் ஒரு கணிப்பொறியில் சோதித்துப் பார்த்து, விரைவில் மற்றவற்றிலும் இடுவதேயன்றி, சும்மா இருப்பதன்று.

மேலும், திருத்தம் வெளியான நாளிலிருந்து அபாயம் குறைவதில்லை, தாமதிப்போருக்குக் கூடுகின்றது. எந்தப் பகுதி மாற்றப்பட்டது என்பதை ஆராய்ந்து, ஓட்டை எங்கே இருந்தது என்று திருடரும் அறிந்துகொள்கின்றனர். முடங்கிய ஒரு கணிப்பொறி தன்னோடு இணைந்துள்ள மற்றவற்றையும் தேடிச் சென்று தாக்கியது. நம் கூரையில் பிடித்த தீ பக்கத்து வீட்டுக் கூரையை விட்டுவைக்குமா?

ஆகவே, சகோதரிக்கு என் யோசனை இதுதான். முதலில் முக்கியமான கோப்புகளை ஒரு தனிச் சேமிப்புக் கருவியில் படியெடுங்கள். படியெடுத்ததும் அதைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். இணைந்தே இருந்தால் அதுவும் பூட்டப்பட்டுவிடும். பிறகு கணிப்பொறியின் அமைப்புகள் பகுதிக்குச் சென்று அப்டேட் செய்யச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் வரும் இணைப்பையோ, தொலைபேசியில் அழைத்து ‘நான் சரிசெய்து தருகின்றேன்’ என்பவரையோ நம்ப வேண்டாம். விண்டோஸ் 10 உடைய கணிப்பொறியானால், அதற்குரிய வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டன என்பதையும் அறிந்து, புதிய பதிப்புக்கு மாற முடியுமா என்று விவரமறிந்தவரிடம் கேளுங்கள். கைப்பேசிக்கும் இதே விதிதான்.

எவரேனும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். கொடுத்தாலும் அவை திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. 1930 என்னும் எண்ணில் புகார் செய்யுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகா நாம் கூரையைப் பழுதுபார்க்கின்றோம்? கோடையிலேயே ஏறிப் பார்த்துவிடுகின்றோம் அன்றோ! மகன் அடுத்த முறை ‘பிறகு’ என்பதை அழுத்தப் போகும்போது, “தம்பி, அக்காவின் திருமணப் படங்கள் இதற்குள்தான் இருக்கின்றன” என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அவனே செய்துவிடுவான்.