வரி நோட்டில் எங்கள் பெயர்

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2025 ஏப்ரல் 17 அன்று போலீஸ் காவலோடு எங்கள் தலித் சனங்கள் நுழைந்ததை, எங்கள் ஊர் கெடாரில் வீட்டு டிவியில் பார்த்து அழுதேன். 2023 ஏப்ரல் திருவிழாவில் கோயிலுக்குள் போனதற்காக அடிபட்டவர்கள் அவர்கள். சமாதானப் பேச்சு பலிக்காமல் அந்த ஆண்டு ஜூன் 7-ல் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மார்ச்சில் கதவு திறந்தது, பூசாரிக்கு மட்டும்.

சட்டம் ஒழுங்குப் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். காயம் தீரவில்லை.

சிறுமியாக இருந்தபோது பக்கத்து ஊர்க் கோயில் படியில் ஏறிவிட்டேன். ஒருவர் விரட்டினார். என்னைத் திட்டியதைவிட, அவர் முன்னால் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நின்றதுதான் மனசில் தங்கிவிட்டது. இப்போது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. சாதி கேட்க ஆளில்லாத திருவண்ணாமலைக் கோபுர வாசலில்கூட எனக்குக் கால் நின்றுவிடும், நெஞ்சு படபடக்கும். மகள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவாள். சாமி மேல் கோபமா என்று கேட்பாள். சாமி மேல் பயம், அதைச் சொல்லத்தான் கூச்சம்.

சபையில் அவமானப்பட்டவள் திரௌபதி. பட்டதற்கு நியாயம் கிடைக்கும்வரை கூந்தல் முடியமாட்டேன் என்றவள். இந்த மாவட்டத்தில் அவளுக்காகப் பாரதம் படிக்கிறோம், விடிய விடியக் கூத்து வைக்கிறோம், படுகளம் முடிந்து அவள் கூந்தல் முடிந்த பிறகே தீ மிதிக்கிறோம். அவமானத்தை மறந்துவிடு என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. எங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறார்கள்?

ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. அது வேண்டும், போலீசும் வேண்டும். ஆனால் போலீஸ் வண்டி போன பிறகு அதே தெருவில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். அடிபட்டதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேச மாவட்ட நிர்வாகம் மனநல ஆலோசகர்களை அனுப்ப வேண்டும். வெள்ளம், தீ விபத்து என்றால் அனுப்பச் சொல்லிக் கேட்கிறோமே, இதற்கும் கேட்போம்.

மீதி வேலை ஊர்க்காரர்களுடையது. கோயில் வரி வாங்காத வீட்டுக்குத் திருவிழாவில் பங்கில்லை என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அடுத்த தீமிதிக்குத் தலைக்கட்டு வரி நோட்டில் காலனி வீடுகளையும் எழுதுங்கள். எங்கள் ஆட்களுக்கும் காப்புக் கட்டுங்கள். சாமி ஊர்வலம் காலனி முனையோடு திரும்பாமல் தெருவுக்குள் வரட்டும். அதற்கு முன்னால், அடித்தவர்கள் அடிபட்டவர்கள் வீட்டுக்குப் போய், பிள்ளைகள் கேட்கும்படி, செய்தது தப்பு என்று சொல்லுங்கள்.