பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்

“ஓசியில் கிடைப்பது அப்படித்தான் சார் இருக்கும்!” இலவச மென்பொருள் ஏதாவது மக்கர் செய்தால் நம் வயதுக்காரர்கள் உதிர்க்கும் வசனம் இது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

லினக்ஸ், லிப்ரேஆபீஸ், பயர்பாக்ஸ் போன்றவற்றைத் திறமூல மென்பொருள் என்கிறோம். இவற்றின் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். பெரிய திட்டங்களில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களும் உண்டு. ஆனால் எத்தனையோ சிறு மென்பொருள்களைப் பார்த்துக்கொள்வது, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இரவில் உட்காரும் ஓரிருவர்தான்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே அது செல்லாது. தாராளமாகப் பாருங்கள்; பார்க்கத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பல் ஆடுகிறது என்று மட்டும் சொல்லுங்கள். மின்வாரியத்துக்குப் போன் செய்து “கரண்ட் இல்லை” என்று கத்திவிட்டு வைத்தால் லைன்மேன் எந்தத் தெருவுக்கு வருவார்? “உங்கள் சாப்ட்வேர் வேலை செய்யவில்லை, உடனே சரி செய்யவும்” என்பதும் அந்த ரகம்தான்.

எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, போன பதிப்பில் ஒழுங்காக இருந்ததா, மறுபடி செய்தாலும் அதே கோளாறு வருகிறதா? இத்தனையும் வேண்டும். கோளாறு காட்டும் கோப்பையும் இணைத்தால் இன்னும் நல்லது (வங்கிக் கணக்கு எண்ணை எல்லாம் அழித்துவிட்டு). லிப்ரேஆபீஸில் இப்படி வரும் புகாரை முதலில் வேறொருவர் தன் கணினியில் செய்து பார்க்கிறார். அவரிடமும் அது நிகழ்ந்தால்தான் புகார் உறுதியாகும். அவரால் செய்து பார்க்க முடியாத புகார் கிடப்பில் கிடக்கும். யார் மேலும் கோபித்துப் பயனில்லை.

கோபம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எக்ஸ்இஸட் கதை போதும். கோப்புகளைச் சுருக்கும் சிறு கருவி அது. உலகின் லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. பின்லாந்துக்காரர் ஒருவர் பல வருடங்களாகச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டார். 2022-இல் சிலர் அவரை நச்சரிக்கத் தொடங்கினார்கள். வேலை மந்தமாக நடக்கிறது, முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று. இது கூலியில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் சொல்லியும் விடவில்லை. ‘ஜியா டான்’ என்ற பெயரில் உதவ வந்த ஒருவரிடம் மெல்ல மெல்லப் பொறுப்பு போனது. 2024 பிப்ரவரியில் அந்த ‘உதவியாளர்’ உள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். நச்சரித்தவர்களும் அதே கூட்டத்தின் போலிப் பெயர்கள்தான் என்று சந்தேகிக்கிறார்கள். அந்த நச்சரிப்பு ஒருவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை, பாருங்கள். அங்கே தினசரி அப்படித்தான் ஏச்சு விழுகிறது.

பிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற நிரலாளர். இன்னொரு கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று தோண்டியிருக்கிறார். மார்ச் மாதக் கடைசியில், என்ன செய்தேன், எந்தப் பதிப்பு, எங்கே சந்தேகம் என்று வரிசையாக எழுதி வெளியிட்டார். புகார் என்றால் அது புகார்!

எனக்கு இன்னும் பெரிய கோபம் நம்மைப் போன்ற தனி ஆட்கள் மேல் அல்ல. 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளியானது. இணையத்தில் கடவுச்சொல்லையும் அட்டை எண்ணையும் காக்கும் பூட்டு அது. உலகத்து நிறுவனங்கள் எல்லாம் நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு அதுவரை வருட நன்கொடை சுமார் 2,000 டாலர். கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள் வாட்ச்மேன் சம்பளம்கூடக் கொடுக்காமல் பூட்டு சரியில்லை என்றார்கள்.

தன்னார்வலர்கள் எல்லாரும் தங்கக்கட்டி என்று நான் சொல்லவில்லை. பக்குவமாக எழுதிய புகாருக்கு “நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்” என்று பதில் போடும் மேதாவிகளும் உண்டு. நிரல் தெரியாதவனிடம் அப்படிச் சொல்வது அகங்காரம். “நேரமில்லை” என்று சொன்னால் போதுமே, யார் கேட்கப் போகிறார்கள்?

ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருக்கும் நண்பர்கள் கோப்போடு என் வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் மட்டும் வந்துவிடாதீர்கள்.